பாவாத மலையிலிருந்து அறுகம் குடா வரை

ஒன்பதாந் தர வகுப்பில் ஒருநாள், மத்திய காலத்தில் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பிரயாணிகளைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இப்னு பதூதாவின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, அவர் 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து கப்பலேறி நமது கரைக்கு வந்த கதையைச் சொன்னேன். கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழும்பி, “சேர், அப்ப இப்னு பதூதாவும் ஒரு டூரிஸ்டா?” என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் வாப்பா மீன்பிடித் தொழிலாளி. அறுகம் குடாவில் சீசன் தொடங்கி, அதாவது மே மாதமளவில், அவன் வாரத்தில் இரண்டு நாள் பாடசாலைக்கு வரமாட்டான். அலைச்சறுக்குப் பலகைகளைக் கழுவி அடுக்குகிற கடையொன்றில் அவனுக்கு வேலை. அவனுக்கு டூரிஸ்ட் என்றால் யார் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் கேட்டது பகிடிக் கேள்வியல்ல. “இல்லை தம்பி, அவர் ஒரு முஸாபிர்” என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆனால் முஸாபிருக்கும் டூரிஸ்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அந்தப் பதிலைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

இப்னு பதூதா வந்திறங்கிய துறையை அவர் ‘பத்தாலா’ என்கிறார். அது புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கு ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். பாரசீக மொழி தெரிந்த அம்மன்னன் அவருக்கு முத்துக்களைக் கொடுத்து, வேறு என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆதம் நபியின் பாதச்சுவடு இருப்பதாகக் கூறப்படும் மலைக்குப் போக வழி செய்து தந்தால் போதும் என்றார் அவர். நமது மக்கள் பாவாத மலை என்றும், பௌத்தர்கள் சிறீபாத என்றும், சைவர்கள் சிவனொளிபாத மலை என்றும் சொல்லும் அந்த மலைக்கே அவர் பயணம். மன்னன் பல்லக்கு கொடுத்தான். ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், வேறு பத்துப் பேரையும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேரையும் கூட்டி அனுப்பினான்.

இங்கு ஒன்றை நாம் மனங்கொள்ள வேண்டும். ஒரு முஸ்லிம் பிரயாணி, ஒரு தமிழ் அரசனின் உதவியுடன், யோகிகளும் பிராமணர்களும் வழிகாட்ட, சிங்கள மக்களின் நாட்டினூடாக மலையேறுகிறார். அங்கு போகும் வழி அவருக்குச் சொந்தமானதல்ல. அவருக்கு முன்னரே அதில் நடந்தவர்களுடையது. அவர்கள் எப்படி நடந்தார்களோ அப்படியே அவரும் நடக்கிறார். காட்டு அட்டைக்கு எலுமிச்சம்புளி பிழிந்து விடுகிறார்கள் என்று எழுதுகிறார். மலைக்கு ‘பாபா வழி’, ‘மாமா வழி’ என இரண்டு பாதைகள் உண்டென்றும், பாபா வழி கடினமானது, மாமா வழி இலகுவானது, இலகுவான வழியால் மட்டும் போய்வந்தவனை மலையைத் தரிசித்தவனாக ஊரார் கணக்கெடுப்பதில்லை என்றும் எழுதுகிறார். ஹிழ்ர் (அலை) அவர்களின் பெயரால் அழைக்கப்படும் குகையில் மூன்று நாள் தங்கும் வழக்கத்தையும் அவர் விடவில்லை.

அவருடைய நூலில் இன்னொரு கதை இருக்கிறது. ஷீறாஸ் நகரத்துப் பெரியார் அபூ அப்துல்லாஹ் இப்னு கபீபைப் பற்றியது அது. பாவாத மலைக்குச் செல்லும் வழியை முஸ்லிம்களுக்குத் திறந்துவிட்டவர் என்று அவரை இப்னு பதூதா நினைவுகூருகிறார். அவர் சுமார் முப்பது பக்கீர்களுடன் மலைக்குப் போகும்போது வழி தவறிவிடுகிறது. பசி தாங்க முடியவில்லை. அந்தக் காட்டில் நிறையத் திரியும் யானைக் குட்டிகளில் ஒன்றைப் பிடித்து அறுத்துத் தின்னலாமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். பெரியார் தடுக்கிறார். அவர்கள் கேட்கவில்லை. கொன்று தின்கிறார்கள். அவர் மட்டும் தொடவில்லை. அன்றிரவு யானைகள் கூட்டமாக வருகின்றன. உறங்கிக் கிடந்த ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக் கொன்றுவிடுகின்றன. பெரியாரை முகர்ந்த யானை அவரை ஒன்றும் செய்யாமல், துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்து, மனிதர் வாழும் இடத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. அதற்குப் பிறகே அந்நாட்டு மக்கள் முஸ்லிம்களை மதித்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள் என்று கதை முடிகிறது.

இதை வரலாறு என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. வரலாற்று நூலொன்றில் உள்ள கதை என்றே சொல்வேன். ஆயினும், கதையின் உள்ளே ஒரு நியதி இருக்கிறது. பிரயாணி பசியோடிருந்தாலும், அந்த மண்ணின் குட்டியைத் தின்ன அவனுக்கு உரிமையில்லை. தின்னாதவனுக்கே ஊர் கதவைத் திறக்கிறது. இன்று பெரிய மாநாடுகளில் ‘பொறுப்புள்ள பயணம்’ என்று பேசப்படுவதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

அதே மலைநாட்டுக்கு ஐந்நூறு ஆண்டுகளின் பின் வேறுவகைப் பிரயாணிகள் வந்தார்கள். பிரித்தானிய ஆட்சியில் யானை வேட்டை ஒரு பொழுதுபோக்கு. பதுளைப் பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவர் தனியொருவராக ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அவர் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் வந்து குடியிருந்த சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டை அனுபவங்களை 1850களில் நூலாகவே வெளியிட்டார். அதைப் படித்து வெளிநாட்டவர் இன்பமடைந்தனர். பசிக்காகக் கொன்ற சீடர்களுக்கு ஒரு நியாயமாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. பார்க்க வந்த நாடு, பார்ப்பவனின் விளையாட்டுத் திடலாக மாறியது இந்தக் காலத்திலேதான்.

சுதந்திரத்துக்குப் பின் உல்லாசப் பயணம் ஓர் அரசாங்கத் தொழிலாயிற்று. 1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டது. அவ்வாண்டு வந்த பயணிகள் 18,969 பேர் மட்டுமே. 1982இல் அத்தொகை 407,230 ஆனது. பதினாறே வருடங்களில் இருபது மடங்குக்கு மேல். இந்த வேகத்துக்கு முதலில் விலை கொடுத்தவற்றுள் ஒன்று ஹிக்கடுவைப் பவளப்பாறை. கண்ணாடி அடித்தளப் படகுகள் பாறையில் உரசின. ஆழமற்ற நீரில் பயணிகள் பவளத்தின் மேலேயே நடந்தார்கள். 1979இல் அது சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1998இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறிச் செத்தன. 2002இல் அது தேசிய பூங்காவாக்கப்பட்டது. பாதுகாப்பின் தரம் உயர உயரப் பாதுகாக்கப்பட வேண்டிய பொருள் குறைந்துகொண்டே போனது.

எங்கள் கரையின் கதை சற்று வேறுபட்டது. பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ள அறுகம் குடாவுக்குப் பெரிய ஹோட்டல்கள் வருமுன்னர் அலைச்சறுக்கு இளைஞர்கள் வந்துவிட்டார்கள். எழுபதுகளில் அவர்கள் ஓலைக் குடிசைகளில் தங்கி, மீனும் சோறும் தின்று, மாதக்கணக்கில் கிடந்ததாக எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். உல்லைப் பக்கத்தில் வீட்டோடு இரண்டு அறையை இழுத்துக் கட்டி வாடகைக்கு விட்டவர்கள் ஊரவர்களே; சமைத்தவர்களும் ஊர்ப் பெண்களே. அந்த இளைஞர்களின் உடையும் நடையும் ஊருக்குப் பிடித்திருந்தது என்று நான் சொல்லவரவில்லை. பள்ளிவாசலில் அதைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கொடுக்கிற காசு அடுப்படி வரைக்கும் வந்தது. பிழை கண்டால் சொல்ல ஆள் இருந்தது. சொன்னால் கேட்கிற தூரத்தில் விருந்தாளியும் இருந்தான்.

இதே பாதையால் இன்னொரு பிரயாணமும் நடந்துவருகிறது. வடக்கிலிருந்து கால்நடையாக வரும் கதிர்காம யாத்திரீகர்கள் பொத்துவில், பாணமை, உகந்தை, குமனை என்று காட்டினூடாகச் செல்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது, அவர்கள் வரும் நாட்களில் உம்மா வாசல் கடப்படியில் குடத்தில் தண்ணீர் வைத்து மூடிவிடுவார். “நடந்து வாறவங்க, தாகமா இருப்பாங்க மகன்” என்பார். யார் எவர் என்று கேட்டதில்லை. கதிர்காமத்தில் ஹிழ்ர் (அலை) அவர்களின் பெயரில் பள்ளிவாசல் இருப்பதும், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அங்கு போய் வந்ததும் அந்தத் தண்ணீர்க் குடத்தோடு தொடர்புடைய சங்கதிகளே.

போர்க்காலம் இவற்றையெல்லாம் நிறுத்தியது, அல்லது குறைத்தது. குமனை 1985இல் மூடப்பட்டு 2003இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது.

அப்போது நான் ஆசிரிய கலாசாலையில் பயிலுநர். விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். அன்று நடந்ததை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. அதன் பின் நடந்ததே இக்கட்டுரைக்குரியது. கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் நூறு மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாதென்று அறிவித்தார்கள். உல்லாசப் பயணக் கட்டடங்களுக்கு அத்தடையில் சலுகை காட்டப்படுகிறது என்று மீனவர்கள் கொதித்தார்கள். 2005 ஏப்ரலில் ‘அறுகம் குடா வள அபிவிருத்தித் திட்டம்’ வெளிவந்தது. கோமாரி தொடக்கம் பாணமை வரையிலான கரையை ஓர் உல்லாசப் பயண வலயமாகக் காணும் திட்டம் அது. தோணி இழுக்கிற கரை எங்கே, வாடி போடுகிற இடம் எங்கே என்று கேட்டு ஊரவர்கள் எதிர்த்தார்கள். முஸ்லிமும் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து எதிர்த்த விடயங்களுள் அதுவும் ஒன்று. எழுதப்பட்டிருந்தபடி அத்திட்டம் நிறைவேறவில்லை. வீடு கட்டும் தடையும் ஒரு வருடமளவில் தளர்த்தப்பட்டது.

தடை தளர்ந்தது, பயம் தளரவில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான். எங்கள் பகுதியில் காணி உம்மாவிடமிருந்து பெண்மக்களுக்குச் சீதனமாக இறங்கும். என் உம்மாவுக்கும் கரையோரமாக நாற்பது பேர்ச் காணி இருந்தது. பன்னிரண்டு தென்னையும், மாமாவின் கரைவலை வாடியும் அதில் இருந்தன. அலை எல்லாவற்றையும் கொண்டுபோனது. இனி அதில் வீடு கட்ட முடியாது, அரசாங்கம் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும், கிடைக்கிற விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று தரகர்கள் வந்தார்கள். 2011இல் அதில் முப்பது பேர்ச் விற்கப்பட்டது. நொத்தாரிசு வீட்டில் உறுதி எழுதியபோது சாட்சிக் கையொப்பம் வைத்தவன் நான். படித்த பிள்ளை, ஆசிரியர், எல்லாம் சரியாகப் பார்ப்பான் என்று உம்மா என்னை நம்பினார். தடை தளர்ந்ததை எழுத்தில் எடுத்துப் படித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பிரதேச செயலகம் பாடசாலையிலிருந்து சைக்கிள் தூரத்தில்தான் இருந்தது.

அந்தக் காசில் தங்கைக்கு வீடு கட்டினோம். நல்ல வீடு. ஆனால் காணியில் இப்போது மதில் இருக்கிறது. மாமா வலை இழுக்கக் கரைக்குப் போகும் ஒழுங்கை அந்த மதிலோடு முடிந்துவிடுகிறது. அவர் சுற்றி நடக்கிறார். என்னிடம் ஒருநாளும் அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாயிருக்கும்.

இது என் குடும்பக் கதை மட்டுமல்ல. காலிக் கோட்டை 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பல அங்கே வெளிநாட்டவர் கைக்கும் ஹோட்டல்காரர் கைக்கும் மாறின. வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கு இருந்த நூறு வீத வரி 2002இல் நீக்கப்பட்டு, 2004இல் மீண்டும் விதிக்கப்பட்டது. இடையில் திறந்திருந்த கதவால் பலர் புகுந்துகொண்டார்கள். விற்றவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல விலை கிடைத்தது. எனினும், மரபுரிமை என்று உலகம் பாராட்டிய தெருவில் அந்த மரபுக்குரிய மனிதர்கள் குறைந்துபோனார்கள். சுவர் மிஞ்சியது.

போர் முடிந்த 2009இன் பின் பயணிகள் தொகை ஏறியது. 2018இல் 2,333,796 பேர் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்தது. அவ்வருடச் சீசன் எங்கள் கரையில் வெறுமையாகக் கிடந்தது. தொழில் போனதைவிட, முஸ்லிம் ஊர் என்றாலே ஒதுங்கிப் போகும் பார்வை கூடுதலாக வலித்தது. அந்த வருடமும் சிலர் வந்தார்கள். முன்னர் பல தடவை வந்து, ஒரே வீட்டில் தங்கி, அவ்வீட்டுப் பிள்ளைகளின் பெயர் தெரிந்தவர்கள் அவர்கள். பெரிய கட்டடங்களில் விளக்கெரியாத நாட்களில் அந்தச் சிறு வீடுகளில் அடுப்பெரிந்தது. பின்னர் கொரோனா, பின்னர் 2022இன் பொருளாதார நெருக்கடி. 2024இல் மீண்டும் இருபது இலட்சத்தைத் தாண்டி 2,053,465 பேர் வந்தார்கள். தொகை கூடினால் நாடு மகிழ்கிறது. டொலர் இல்லாமல் எரிபொருள் வரிசையில் நின்றவன் நானும்தான். ஆகவே அந்த மகிழ்ச்சியை நான் பழிக்க மாட்டேன். ஆனால் தொகையை மட்டும் எண்ணுகிறவர்கள் இன்னும் சிலவற்றையும் எண்ண வேண்டும்: கரைக்குப் போகும் ஒழுங்கைகள் எத்தனை மிஞ்சியுள்ளன? சீசனில் வகுப்பில் வெறுமையாகும் வாங்குகள் எத்தனை?

2002ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் கூடியவர்கள் பொறுப்புள்ள உல்லாசப் பயணம் பற்றி ஒரு பிரகடனம் செய்தார்கள். மக்கள் வாழ்வதற்குச் சிறந்த இடங்களாகவும், அதனால் பிறர் வந்து பார்ப்பதற்குச் சிறந்த இடங்களாகவும் ஊர்களை ஆக்குவதே அதன் சாரம். அந்த ஒழுங்குமுறையைக் கவனிக்க வேண்டும். வாழ்கிறவன் முதலில், பார்க்கிறவன் பிறகு. எங்கள் உம்மாமார் இந்தப் பிரகடனத்தைப் படித்தவர்களல்லர். ஆனால், வந்தவனுக்கு மூன்று நாள் விருந்து என்பதும், வந்தவன் வீட்டாரைச் சங்கடப்படுத்தாமல் இருக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்த நடைமுறை. அதில் இரு பக்கத்துக்கும் கடமை உண்டு. காசு கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் பின்னால் வந்தது.

நம்பிக்கை தரும் காரியங்களும் இல்லாமலில்லை. பொத்துவில் களப்பில் மீனவர்களே தமது தோணிகளில் பயணிகளை ஏற்றி, கண்டற் காட்டையும் பறவைகளையும், அதிர்ஷ்டமிருந்தால் கரைக்கு வரும் யானையையும் காட்டுகிறார்கள். இயந்திரச் சத்தமில்லை. தண்டு வலிக்கிறவனுக்கே கூலி. கண்டல் அழிந்தால் இறாலும் போகும், பயணியும் போவான் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே கண்டலைக் காப்பதற்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து அவனுக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை.

அந்த மாணவனுக்கு நான் சில நாள் கழித்துப் பதில் சொன்னேன். “தம்பி, இப்னு பதூதா மன்னன் கொடுத்த பல்லக்கில் போனவர்தான், வசதிக்குக் குறைவில்லை. ஆனால் வழியை அவர் மாற்றவில்லை. வழி தெரிந்தவர்களுக்குப் பின்னால் போனார். வழியைத் தனக்காக மாற்றச் சொல்லாதவன் முஸாபிர்.” அவன் சற்று யோசித்து, “அப்ப மாத்திக் குடுக்கிறவங்களுக்கு என்ன பேர் சேர்?” என்றான். நான் சாட்சிக் கையொப்பம் வைத்த கதையை அன்று வகுப்புக்குச் சொன்னேன்.

மிஞ்சியிருக்கும் பத்துப் பேர்ச் இப்போது என் இளைய தங்கையின் பெயரில் இருக்கிறது. அதற்கும் ஆள் வந்துபோகிறது. விலை முன்னையதைவிடப் பல மடங்கு. அவளுக்கு மகள் இருக்கிறாள்; அவளை ‘வித்திடாதே’ என்று அதட்ட எனக்கு உரிமையில்லை. இந்தத் தடவை பிரதேச செயலகத்துக்கு இருவருமாகப் போய், வரைபடத்தையும் கரையோரச் சட்டத்தையும் கேட்டுப் பார்த்தோம். இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடலாமா என்று மச்சான் கணக்குப் பார்க்கிறார். மாமா வலையுடன் போவதற்கு ஓரமாக ஆறடி விட வேண்டும் என்று தங்கையே சொன்னாள்.

எங்கள் கரையின் முனைகளுக்கு இப்போது பிள்ளைகளின் வாயில் விஸ்கி பொயின்ட், பீனட் பாம் என்ற பெயர்களே வருகின்றன. மாமாவுக்குத் தெரிந்த பழைய பெயர்களை நான் ஒரு கொப்பியில் எழுதிவருகிறேன். கரையோர ஊர்களில் வாழும் நமது எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும் இப்படி ஒரு கொப்பி தொடங்கினால் நல்லது. காணி கைமாறும்போது உறுதியில் எல்லைகள் எழுதப்படுகின்றன. அந்த எல்லைகளுக்குள் யார் நடந்தார்கள் என்பது எழுதப்படுவதில்லை. அதை எழுதுவது நமது வேலை.